ஐஐஎம் வெயிட்லிஸ்ட்ல இருக்கீங்களா? பேப்பர் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



ஏப்ரல், மே மாசம் வந்தாலே நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "ப்ரோ, ஐஐஎம் வெயிட்லிஸ்ட்ல இருக்கேன். என் நம்பர் வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பவே பேப்பர் போட்டுடலாமா?"

கேக்கறவங்க பெரும்பாலும் நம்ம சேலம், நாமக்கல் பக்கம்தான். சேலத்துலயோ திருச்செங்கோட்டுலயோ இன்ஜினியரிங் முடிச்சு, சென்னையிலயோ பெங்களூருலயோ மூணு வருஷமா வேலை பார்க்கறவங்க. வேலைக்குப் போயிட்டே ராத்திரி உக்காந்து கேட் தேர்வுக்குப் படிச்சிருப்பாங்க. 2024 நவம்பர் 24-ல நடந்த கேட் தேர்வை எழுதினவங்க மட்டும் சுமார் 2.93 லட்சம் பேர். அதைத் தாண்டி, இன்டர்வியூவும் தாண்டி, வெயிட்லிஸ்ட் வரைக்கும் வந்ததே பெரிய விஷயம். ஆனா இந்த இடத்துலதான் நிறைய பேர் அவசரப்பட்டு பணத்தை இழக்கறாங்க.

இந்தக் கட்டுரையில நாம பார்க்கப் போறது சீட் எப்படி வாங்கறதுன்னு இல்லைங்க. காத்திருக்கற அந்த ஆறு, எட்டு வாரத்துல உங்க வேலை, சேமிப்பு, வீட்டுச் செலவு மூணையும் எப்படிப் பாதுகாக்கறதுங்கறதுதான். கால்குலேட்டர் எடுத்து வச்சுக்கங்க.

முதல்ல, வெயிட்லிஸ்ட் எப்படி நகருது?

ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்ட எல்லாருக்கும் வெயிட்டிங் லிஸ்ட் பழகின விஷயம்தான். உங்களுக்கு முன்னாடி இருக்கறவங்க கேன்சல் பண்ணா நம்பர் இறங்கும். ஐஐஎம் லிஸ்ட்டும் அதே தத்துவம்தான். ஆனா மூணு வித்தியாசம் இருக்கு.

ஒண்ணு, ரயில்ல சார்ட் போடற நேரம் தெரியும். இங்க லிஸ்ட் எந்த நாள்ல எவ்வளவு நகரும்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது. வகுப்பு ஆரம்பிக்கற நாள் நெருங்கற வரைக்கும், சில சமயம் ஆரம்பிச்ச பிறகும்கூட நகரும்.

ரெண்டு, ரயில்ல கன்ஃபார்ம் ஆகலைன்னா பணம் தானா திரும்ப வந்துடும். இங்க காத்திருக்கற நேரத்துல நீங்க செலவு பண்ற பணம், விடற சம்பளம் எதையும் யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

மூணு, இங்க பிரிவு வாரியா தனித்தனி லிஸ்ட். பொதுப்பிரிவு, ஓபிசி, இடபிள்யூஎஸ், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள்னு ஒவ்வொண்ணுக்கும் தனி வரிசை. உங்க நண்பர் வேற பிரிவுல 150-ல இருந்து கன்ஃபார்ம் ஆனார்ங்கறது உங்களுக்கு எந்தத் தகவலும் கிடையாது.

நகர்றதுக்குக் காரணம் ரொம்ப எளிமை. நல்ல மார்க் எடுத்த ஒருத்தருக்கு நாலஞ்சு இடத்துல ஆஃபர் வரும். அவர் ஒரு இடத்துலதான் சேர முடியும். அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐஐஎம்கள்ல சேர்றவங்க கோழிக்கோட்டை விடுவாங்க. கோழிக்கோடு கிடைச்சவங்க திருச்சியை விடுவாங்க. இப்படி மேல இருந்து கீழ தண்ணி பாயற மாதிரி இடம் காலியாகிட்டே வரும். மேட்டூர்ல தண்ணி திறந்துவிட்டா கடைமடைக்குப் போய்ச் சேர நாள் ஆகுமில்ல, அதே மாதிரிதான். அதனாலதான் பழைய பெரிய ஐஐஎம்கள்ல லிஸ்ட் கொஞ்சமா நகருது. 2011-ல ஆரம்பிச்ச திருச்சி ஐஐஎம் மாதிரி புதுசானதுல நீளமா, தாமதமா நகருது.

நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு இது ஒரு புது அனுபவம். அங்க நாம கத்துக்கிட்டது "மார்க் எடுத்தா சீட்டு". இங்க உங்க வேலை முடிஞ்சுபோச்சு. இனிமே நடக்கறது முன்னப்பின்ன தெரியாத யாரோ சிலர் எந்தக் காலேஜைத் தேர்ந்தெடுக்கறாங்கங்கறதைப் பொறுத்தது. இதுல நீங்க இன்னும் கஷ்டப்பட்டு உழைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. உங்க கையில இருக்கறது பண ஏற்பாடு மட்டும்தான்.

உங்க நம்பர் வருமா?

நண்பர்கள் சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க. இப்படிப் பாருங்க:

1. அந்தக் காலேஜ்ல, உங்க பிரிவுல, போன வருஷம் கடைசியா எந்த நம்பர் வரைக்கும் போச்சுன்னு கண்டுபிடிங்க. பல ஐஐஎம்கள் அவங்க தளத்துலயே லிஸ்ட் நகர்வை வெளியிடறாங்க.
2. ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காதீங்க. மூணு வருஷம் பாருங்க. அதுல ரொம்பக் குறைவா நகர்ந்த வருஷத்தை எடுத்துக்கங்க.
3. சீட் எண்ணிக்கை மாறியிருக்கான்னு பாருங்க. சீட் கூடியிருந்தா அதிகம் பேருக்கு முதல் லிஸ்ட்லயே ஆஃபர் போயிருக்கும். அப்போ பழைய வெயிட்லிஸ்ட் நம்பரை வச்சு ஒப்பிட முடியாது.

குறைவா நகர்ந்த வருஷத்துலகூட உங்க நம்பர் வந்திருக்கும்னா வாய்ப்பு நல்லாவே இருக்கு. அதிகமா நகர்ந்த வருஷத்துல மட்டும்தான் வந்திருக்கும்னா பாதிக்குப் பாதிக்கும் கீழன்னு வச்சுக்கங்க. எந்த வருஷத்துலயும் வந்திருக்காதுன்னா, மனசு என்ன சொன்னாலும் சரி, வேலையில எந்த மாற்றமும் பண்ணாதீங்க.

பேப்பர் போடலாமா? கணக்கு இதோ

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்க மொத்தச் சம்பளம் மாசம் ₹58,000, கைக்கு வர்றது ₹52,000. நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஜூன் 15-ஆம் தேதி நீங்க வேலையில இருந்து கிளம்பணும், அப்பதான் காலேஜ்ல சேர முடியும்னு வைப்போம்.

முதல் வழி: ஆஃபர் வரலை, ஆனா நம்பிக்கையில மே 5-ஆம் தேதியே பேப்பர் போடறீங்க. ஜூன் 15 வரைக்கும் 41 நாள் நோட்டீஸ் முடியும். மீதி 49 நாளுக்குப் பணம் கட்டி வெளிய வரணும். ₹58,000-ஐ 30-ஆல வகுத்து 49-ஆல பெருக்கினா சுமார் ₹94,700.

ரெண்டாவது வழி: ஆஃபர் வர்ற வரைக்கும் வாயைத் திறக்கலை. ஜூன் 5-ஆம் தேதி ஆஃபர் வருது, அன்னைக்கே பேப்பர் போடறீங்க. 10 நாள் நோட்டீஸ் முடியும். மீதி 80 நாளுக்குக் கட்டணும். சுமார் ₹1,54,700.

ஆக, முன்னாடியே பேப்பர் போட்டதால மிச்சமாகறது ₹60,000. இது லிஸ்ட் நகர்ந்தா மட்டும்.

நகரலைன்னா? கம்பெனி உங்க ராஜினாமாவைத் திரும்ப வாங்க விடலாம், விடாமலும் போகலாம். விடலைன்னா ஆகஸ்ட் முதல் வாரத்தோட சம்பளம் நிக்கும். அடுத்த வேலை கிடைக்க மூணு மாசம் ஆகுதுன்னு வச்சா ₹1,56,000 போச்சு. இதுல வீட்டு வாடகை, மன உளைச்சல், "ஏன் வேலையை விட்டீங்க"ன்னு ஒவ்வொரு இன்டர்வியூலயும் கேக்கற கேள்வி எதையும் சேர்க்கலை.

ஜெயிச்சா ₹60,000 லாபம், தோத்தா ₹1,56,000 நஷ்டம். இந்தப் பந்தயம் சரிக்குச் சரி ஆகணும்னா உங்க நம்பர் வர்றதுக்கு 72 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருக்கணும். வெயிட்லிஸ்ட்ல அவ்வளவு உறுதியா சொல்லக்கூடிய இடத்துல ரொம்பக் கொஞ்சம் பேர்தான் இருப்பாங்க.

அதனால நம்ம பதில்: கையில ஆஃபர் லெட்டர் வர்ற வரைக்கும் பேப்பர் போடாதீங்க. அந்தக் கூடுதல் ₹60,000-ஐ ஒரு இன்சூரன்ஸ் பிரீமியமா நினைச்சுக்கங்க. அதுவும் சீட் கிடைச்சா மட்டும் கட்டற பிரீமியம். சீட் கிடைக்கலைன்னா ஒரு ரூபா செலவில்லை, வேலையும் அப்படியே இருக்கும்.

இதையே உங்க சம்பளம், உங்க நோட்டீஸ் பீரியட் வச்சுப் போட்டுப் பாருங்க. கூடவே இந்த நாலு விஷயத்தையும் பாருங்க:

- உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல நோட்டீஸ் தொகை பேசிக் சம்பளத்துல கணக்கா, மொத்தச் சம்பளத்துல கணக்கா? பேசிக்னா தொகை பாதிக்கும் கீழ குறையலாம்.
- மீதி இருக்கற லீவை நோட்டீஸ்ல கழிச்சுக்க முடியுமா?
- கம்பெனி குடுத்த டிரெய்னிங்குக்கோ ஜாயினிங் போனஸுக்கோ பாண்ட் இருக்கா? இருந்தா அந்தத் தொகையும் சேரும்.
- வருஷ போனஸ் எந்த மாசம்? சில இடத்துல போனஸ் தேதியில நோட்டீஸ்ல இருந்தா போனஸ் கிடையாது.

இன்னொண்ணு. நோட்டீஸ் தொகைக்கு மேல ஜிஎஸ்டி போடுவாங்களான்னு பயம் வேண்டாம். ஊழியர்கிட்ட பிடிக்கற நோட்டீஸ் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட்லயே தெளிவுபடுத்திடுச்சு.

இன்னொரு காலேஜுக்கு அட்வான்ஸ் கட்டி வைக்கலாமா?

வெயிட்லிஸ்ட்ல இருக்கறவங்க எல்லாருக்கும் வர்ற அடுத்த குழப்பம் இது. "ஐஐஎம் வரலைன்னா என்ன பண்றது, ஒரு தனியார் காலேஜ்ல சீட் இருக்கு, ஒரு லட்சம் கட்டி வச்சுக்கலாமா?"

இதுக்கு ஒரே ஒரு கேள்விதான். ஐஐஎம்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு வச்சுக்கங்க. அப்பவும் இந்தக் காலேஜ்ல, இந்த ஃபீஸ் கட்டி, உங்க வேலையை விட்டுட்டுப் போய்ச் சேருவீங்களா? ஆமான்னா அட்வான்ஸ் கட்டலாம். இல்லைன்னா நீங்க கட்டறது சீட்டுக்கு இல்லை, பயத்துக்கு.

கட்டறதுன்னு முடிவு பண்ணா, பணம் திரும்ப வருமான்னு முதல்ல பாருங்க. ஏஐசிடிஇ அனுமதியோட நடக்கற படிப்புன்னா, வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க விலகினா அதிகபட்சம் ₹1,000 மட்டும் பிடிச்சுக்கிட்டு மீதியைத் திருப்பித் தரணும்ங்கறது ஏஐசிடிஇ விதி. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடிச்சு வச்சுக்கவும் கூடாது. பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி தனியா ஃபீஸ் திருப்பித் தர்ற விதி வச்சிருக்கு. 2024-25 கல்வியாண்டுக்கு செப்டம்பர் 30 வரைக்கும் விலகினா முழுத்தொகை, அக்டோபர் 31 வரைக்கும் விலகினா ₹1,000-க்கு மேல பிடிக்கக் கூடாதுன்னு யுஜிசி சொல்லியிருந்தது. நீங்க சேர்ற வருஷத்துக்கான அறிவிப்பைப் பார்த்து வச்சுக்கங்க.

ஐஐஎம்களுக்கு 2017-ஆம் வருஷச் சட்டம் தனியா இருக்கு. அங்க ஆஃபர் லெட்டர்ல இருக்கற ரீஃபண்ட் விதிதான் உங்களுக்கு முக்கியம். ஒரு ஐஐஎம்ல பணம் கட்டிட்டு இன்னொரு ஐஐஎம் வெயிட்லிஸ்ட்டுக்குக் காத்திருக்கறீங்கன்னா, எந்தத் தேதிக்குள்ள விலகினா எவ்வளவு திரும்ப வரும்ங்கறதைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. ரெண்டு தேதியும் ஒண்ணுக்கொண்ணு மோதும்.

லோன்: நம்ம ஊர்க்காரங்க கவனிக்க வேண்டியது

ஆஃபர் லெட்டர் இல்லாம எந்த பேங்க்கும் லோன் சாங்ஷன் பண்ண மாட்டாங்க. ஆனா ஆஃபர் வந்து முதல் தவணை கட்ட சில நாள்தான் குடுப்பாங்க. அதனால பேப்பர் வேலைகளை இப்பவே முடிச்சு வைக்கணும்.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. பொதுவா கல்விக் கடன்ல ₹7.5 லட்சத்துக்கு மேல போனா பேங்க் அடமானம் கேக்கும். ஆனா ஐஐஎம் மாதிரி முன்னணி நிறுவனங்களுக்கு எஸ்பிஐ ஸ்காலர் லோன் மாதிரி தனித் திட்டங்கள் இருக்கு. அதுல அடமானம் இல்லாமலே பெரிய தொகை கிடைக்கும். அப்போ ஒரு வேடிக்கை நடக்குது: கையில இருக்கற ரெண்டாவது காலேஜுக்கு ₹15 லட்சம் லோன் வாங்கறது, வெயிட்லிஸ்ட்ல இருக்கற ஐஐஎம்முக்கு ₹20 லட்சம் வாங்கறதைவிடக் கஷ்டமா இருக்கலாம்.

"நமக்குத்தான் மூணு ஏக்கர் இருக்கே"ன்னு அப்பா சொல்லுவார். ஆனா விவசாய நிலத்தை கல்விக் கடனுக்கு அடமானமா எடுக்க பேங்குகள் பெரும்பாலும் தயங்குவாங்க. ஏன்னா, கடன் வராட்டி கோர்ட்டுக்குப் போகாம சொத்தைக் கைப்பற்ற பேங்குக்கு அதிகாரம் குடுக்கற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதோட நம்ம பக்கம் நிறைய நிலம் இன்னும் தாத்தா பேர்லயோ கூட்டுப் பட்டாவாவோதான் இருக்கு. ரெண்டாவது காலேஜுக்குப் போறதா யோசிச்சா, வீட்டுப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் யார் பேர்ல இருக்குன்னு இப்பவே பாருங்க.

இப்போ வட்டி. ₹20 லட்சம் லோன், முதல் வருஷம் 10 லட்சம், ரெண்டாவது வருஷம் 10 லட்சம் வாங்கறீங்க. வட்டி 9%னு வைப்போம். படிப்பு ரெண்டு வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம் இஎம்ஐ கட்ட வேண்டாம். ஆனா அந்த மூணு வருஷமும் வட்டி ஓடிட்டே இருக்கும். முதல் 10 லட்சத்துக்கு மூணு வருஷ வட்டி ₹2.7 லட்சம். அடுத்த 10 லட்சத்துக்கு ரெண்டு வருஷ வட்டி ₹1.8 லட்சம். மொத்தம் ₹4.5 லட்சம். இஎம்ஐ ஆரம்பிக்கற நாள்ல உங்க கடன் ₹24.5 லட்சம். பத்து வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் ₹31,000. அந்த வட்டியை அப்பப்போ கட்டிட்டு வந்திருந்தா இஎம்ஐ சுமார் ₹25,300. முழுசா முடியலைன்னாலும், வேலை கிடைச்ச உடனே, அந்த ஒரு வருஷ அவகாசத்தை எதிர்பார்க்காம கட்ட ஆரம்பிங்க.

குடும்ப வருமானம் வருஷம் ₹8 லட்சம் வரைக்கும்னா பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தையும் பாருங்க. 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்த திட்டம் இது. பட்டியல்ல இருக்கற நிறுவனங்கள்ல சேர்றவங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன். தகுதி இருந்தா ₹10 லட்சம் வரைக்குமான கடனுக்கு, இஎம்ஐ தொடங்காத காலத்துல 3% வட்டி மானியம்.

வரி விஷயம்: கல்விக் கடன் வட்டிக்கு 80-இ பிரிவுல கழிவு உண்டு. உச்சவரம்பு கிடையாது, எட்டு வருஷம் வரைக்கும் எடுக்கலாம். ஆனா பழைய வரி முறையில மட்டும்தான். புது முறையில இருந்தா கிடையாது. மாமாகிட்ட வாங்கின கடனுக்கும் கிடையாது.

வீட்டை யார் பார்க்கறது?

இதுதான் பெரிய கேள்வி. ஆனா எந்த எம்பிஏ கோச்சிங் சென்டரும் இதைப் பத்திப் பேசாது.

நம்ம பக்கத்துல முதல்ல சம்பளத்துக்குப் போன பிள்ளை தன்னை மட்டும் பார்த்துக்க முடியாது. அப்பா லாரி ஓட்டறார், பள்ளிபாளையத்துல தறி ஓட்டறார், இல்லைன்னா சின்னதா கோழிப்பண்ணை வச்சிருக்கார். அந்த வருமானம் ஒரு மாசம் இருக்கும், ஒரு மாசம் இருக்காது. உங்க ₹15,000தான் அந்த வீட்டுல தேதி தவறாம வர்ற ஒரே பணம். கல்விக் கடன் உங்க ஃபீஸையும் ஹாஸ்டலையும் பார்த்துக்கும். வீட்டுக்கு அனுப்பற பணத்தைப் பார்த்துக்காது. மாசம் ₹15,000 வீதம் 24 மாசத்துக்கு ₹3.6 லட்சம். இந்த ஓட்டைய யாரும் கணக்குல எழுதறதில்லை.

அதனால காத்திருக்கற இந்த வாரங்கள்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய், அப்பா அம்மாவோட உக்காந்து ஒரு நோட்டுல எழுதுங்க. உங்க பணம் மாசா மாசம் எதுக்குப் போகுது? குழு லோனுக்கா, சர்க்கரை மாத்திரைக்கா, தங்கச்சி ஃபீஸுக்கா, சீட்டுக்கா? எதை நிறுத்த முடியாது, எதைத் தள்ளிப் போடலாம், எதை இப்பவே முடிச்சுடலாம்? பெரும்பாலும் ₹15,000-ல நிறுத்தவே முடியாதது ஏழோ எட்டாயிரமோதான் இருக்கும். அது எட்டாயிரம்னு வச்சா ரெண்டு வருஷத்துக்கு ₹1.92 லட்சம். அதைத் தனி கணக்குல போட்டு வச்சுட்டுப் போனா நிம்மதியாப் படிக்கலாம். நடுவுல வர்ற சம்மர் இன்டர்ன்ஷிப்ல ஸ்டைபண்ட் கிடைக்கும். ஆனா அதை நம்பித் திட்டம் போடாதீங்க, வந்தா லாபம்.

இந்தப் பேச்சுல அம்மா "இருக்கற வேலைய ஏன் கண்ணு விடறே?"ன்னு கேக்கலாம். கோபப்படாதீங்க. அவங்க கேக்கறது சரியான கேள்வி. ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாததோட விலை, ₹52,000 வீதம் ₹12.5 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஃபீஸோட இதையும் சேர்த்தாதான் எம்பிஏவோட உண்மையான விலை. ₹20 லட்சம் ஃபீஸ்னா விலை ₹32 லட்சத்துக்கும் மேல. அந்தக் காலேஜ்ல வேலை கிடைச்சவங்களோட நடுநிலைச் சம்பளத்தை, அதாவது பாதிப் பேர் அதுக்கு மேல, பாதிப் பேர் அதுக்குக் கீழ வாங்கற தொகையை வச்சு இந்த விலை நியாயமான்னு பாருங்க. அதிகபட்சச் சம்பளம்னு விளம்பரத்துல போடற ஒரு கோடியை வச்சுப் பார்க்காதீங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், ஹெல்த் இன்சூரன்ஸ். கம்பெனி பாலிசியில அப்பா அம்மா இருந்தாங்கன்னா, உங்க கடைசி வேலை நாளோட அது முடிஞ்சுடும். புதுசா பாலிசி எடுத்தா ஏற்கெனவே இருக்கற சர்க்கரை, பிபிக்கு அதிகபட்சம் மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். கம்பெனி பாலிசியில இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாற வழி இருக்கு. பேப்பர் போடறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட கேளுங்க, கிளம்பின பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

காத்திருக்கற பணத்தை எங்க வைக்கறது?

நோட்டீஸ் தொகை, முதல் தவணை ஃபீஸ், வீட்டுப் பணம். இந்த மூணும் எந்த நாள்லயும் தேவைப்படலாம். அதனால ஷேர் மார்க்கெட்டுல வேண்டாம், லாக்-இன் இருக்கற எதுலயும் வேண்டாம், இன்னும் ஏலம் எடுக்காத சீட்டை நம்பியும் வேண்டாம். சேமிப்புக் கணக்கோட இணைஞ்ச ஸ்வீப் எஃப்டி நல்லது. லிக்விட் ஃபண்ட்ல போட்டா பொதுவா அடுத்த வேலை நாள்ல பணம் வந்துடும். ஆனா ஆஃபர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

நெட் பேங்கிங் தினசரி வரம்பு எவ்வளவுன்னு பாருங்க. பலருக்கு அது ஒரு லட்சமோ ரெண்டு லட்சமோதான் இருக்கும். ஃபீஸ் கட்டற அன்னைக்கு ராத்திரி இது தெரிய வந்தா பதட்டம்தான். இப்பவே ஏத்தி வைங்க.

லோன் தாமதமானா, சில வாரத்துக்கு அம்மாவோட நகையை பேங்க்ல வச்சு சமாளிக்கறது பர்சனல் லோன் எடுக்கறதைவிடப் பெரும்பாலும் வட்டி குறைவு. ஆனா லோன் பணம் வந்ததும் முதல்ல நகையை மீட்டுடணும்னு எழுதி வச்சுக்கங்க. பிஎஃப் பணத்தைத் தொடாதீங்க. அஞ்சு வருஷ சர்வீஸ் முடியாம முழுசா எடுத்தா வரி வரும்.

உங்களுக்கு லோன் எடுக்காம பண்ணைப் பணத்துல கட்டிக்கலாம்னு வீட்டுல சொன்னா, ஒண்ணு யோசிங்க. புரட்டாசி மாசம் முட்டை விலை இறங்கினாலும் டெர்ம் ஃபீஸ் தேதி தள்ளிப் போகாது.

ஏமாத்தறவங்க கிட்ட ஜாக்கிரதை

"எனக்கு உள்ள ஆள் இருக்கு, அஞ்சு லட்சம் குடுத்தா உங்க நம்பரை மேல கொண்டு வந்துடறேன்"னு ஒருத்தர் வருவார். தெளிவா சொல்றேன்: ஐஐஎம்ல மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது. காசு குடுத்து லிஸ்ட்டை நகர்த்த முடியாது. பல பேருக்கு இப்படிச் சொன்னா, சில பேருக்கு லிஸ்ட் தானாவே நகரும். அவங்ககிட்ட "நான்தான் வாங்கிக் குடுத்தேன்"னு சொல்லி காசு வாங்கிக்குவாங்க. அதே மாதிரி, ஆஃபர் வந்துடுச்சுன்னு மெயில் வந்தா அதுல இருக்கற லிங்க்ல பணம் கட்டாதீங்க. நீங்களா காலேஜ் போர்ட்டல்ல லாகின் பண்ணிப் பார்த்துட்டுக் கட்டுங்க.

ஓபிசி பிரிவுல இருக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு. நம்ம தமிழ்நாடு பிசி, எம்பிசி சாதிச் சான்று இங்க போதாது. மத்திய அரசு படிவத்துல ஓபிசி, கிரீமி லேயர் இல்லாதவர்ங்கற சான்று வேணும். இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு தாசில்தார்கிட்ட வாங்கணும். அது எந்த நிதியாண்டுல எடுத்ததா இருக்கணும்னு காலேஜ் அறிவிப்பைப் பாருங்க. "நான் சம்பாதிக்கறேனே, வரம்பு தாண்டிடுமா?"ன்னு பயப்பட வேண்டாம். உங்க சொந்தச் சம்பளம் இதுல கணக்கு இல்லை, பெற்றோரோட நிலைதான் பார்ப்பாங்க.

லிஸ்ட் நகரலைன்னா?

கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும்தான். வெயிட்லிஸ்ட் அடுத்த வருஷத்துக்குத் தொடராது. திரும்ப எழுதணும். பதிவு பொதுவா ஆகஸ்ட்ல ஆரம்பிக்கும். 2024-ல பொதுப்பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் ₹2,500. ஆக, ஆஃபர் வராட்டி உங்க நேரடிச் செலவு அவ்வளவுதான், நீங்க வேலையை விடாம இருந்தா. அந்த ஒரு வருஷத்துல மாசம் ₹15,000 சேர்த்தா ₹1.8 லட்சம். வீட்டுக்குன்னு ஒதுக்க வேண்டிய ₹1.92 லட்சம் கிட்டத்தட்ட முழுசா கைக்கு வந்துடும். ஒரு வருஷம் கூடுதல் வேலை அனுபவமும் சேரும்.

கடைசியா, இந்த வாரமே முடிக்க வேண்டியது:

1. அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து நோட்டீஸ் விதியைப் படிங்க, தொகையைக் கணக்குப் போடுங்க.
2. மூணு வருஷ லிஸ்ட் நகர்வை உங்க பிரிவுக்கு எழுதி வைங்க.
3. பேங்க்ல போய் என்னென்ன ஆவணம் வேணும்னு கேட்டு, ஃபார்ம் 16, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் ஒரே ஃபைல்ல போடுங்க.
4. வீட்டுச் செலவு நோட்டை அப்பா அம்மாவோட எழுதி முடிங்க.
5. ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. ஏன் கேக்கறீங்கன்னு காரணம் சொல்லணும்னு அவசியம் இல்லை.
6. தினமும் ஒரு தடவை மட்டும் போர்ட்டலைப் பாருங்க. மீதி நேரம் ஆஃபீஸ் வேலையை ஒழுங்காப் பாருங்க. ஆஃபர் வந்தா நோட்டீஸைக் குறைச்சுக் குடுக்கப் போறது உங்க மேனேஜர்தான்.

உங்க சம்பளம், நோட்டீஸ் நாள் ரெண்டையும் போட்டா எந்த வழி லாபம்னு கணக்குப் போடற முறையை அடுத்த வீடியோவுல எக்செல்ல காட்டறேன். வெயிட்லிஸ்ட்ல இருக்கற உங்க ரூம்மேட்டுக்கு இதை அனுப்பி வைங்க, அவர் பேப்பர் டைப் பண்றதுக்கு முன்னாடி.